மீதி மகரந்தம்

சங்கரன்கோவில்

அன்புள்ள அத்தானுக்கு,

பாப்பா இப்போது நன்றாக இருக்கிறாள்.

சத்துக்கென்று நீங்கள் அனுப்பிய தேனீ மகரந்தத்தை அரைக் கரண்டி பாலில் கலந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊசி போட்ட பிறகுதான் அவளால் அழக்கூட முடிந்தது.

“ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா? சில பிள்ளையளுக்கு ஆவாது. சத்துன்னு சொல்லுததுக்கும் ஆதாரம் பத்தாது” என்றார் டாக்டர்.

இன்று உங்கள் தங்கை புளியங்குடியிலிருந்து வந்து, மீதியைத் தன் மகனுக்குக் கேட்டாள். “எம்பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாது மைனி” என்றாள். அவள் கண்ணெதிரே சாக்கடையில் கொட்டினேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் நீங்கள்தான் பேச வேண்டும்.

நான் போனை எடுக்கவில்லையே என்று வருந்தாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவேன். அது பாப்பா காதில் விழ வேண்டாம்.

உங்கள் மகளின் அம்மா