நூற்று முப்பத்தோராவது படம்

மே 3, செவ்வாய்

இன்றோடு அனுப்பிய விண்ணப்பங்கள் நாற்பத்தொன்று. வந்த பதில்கள் மூன்று. ஒருவன் பதிவுக்கென்று முன்பணம் கேட்டான். ஒருத்தி, வேறு யாருடைய பெயரிலோ உட்கார்ந்து வேலை செய், பாதி உனக்கு என்றாள். மூன்றாவது, வருந்துகிறோம்.

வீட்டைவிட்டு நகராமல் செய்யும் வேலையாக இருக்க வேண்டும். வேறு வழி? ஜனவரியில் மடாட்டு எனும் பயணிகள் வேன் கவிழ்ந்ததிலிருந்து என் கணவர் ஒங்கேரி படுக்கையில். தொடை எலும்புக்குள் கம்பி. தண்ணீர்க் குவளையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் ஓட்டிய வண்டியை இப்போது வேறொருவன் ஓட்டுகிறான்.

மே 9, திங்கள்

நாற்பத்தாறு.

மே 12, வியாழன்

நைரோபியிலிருந்து அழைத்தார்கள்! கதோனி என்ற பெண். குரல் சின்னது, கேள்விகள் பெரிது. சாலைப் படங்களில் இருக்கும் வண்டி, ஆள், பலகை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டம் போட்டு, இன்னதென்று பெயர் குறிக்க வேண்டுமாம். அதைப் பார்த்து ஏதோ இயந்திரம் பாடம் படிக்கும்.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"எட்டாவது. மத்ததெல்லாம் நானே கத்துக்கிட்டது."

இதுவும் போயிற்று என்று நினைத்தேன். பிறகு, "கறாரா இருப்பீங்களா?" என்றாள்.

"எங்க சபைப் பெண்கள் கூட்டத்துல பன்னெண்டு வருஷமா வருகைப் பதிவு என் கையெழுத்துதான். ஒரு அடித்தல் காட்டுங்க பாப்போம்."

சிரித்துவிட்டாள். அடுத்த வெள்ளி காலை தேர்வு. இருநூறு படங்கள் தருவார்கள், சனி காலை ஆறுக்குள் அனுப்ப வேண்டும். வெள்ளி சூரியன் மறைந்தால் எங்கள் சபைக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும், சனி சூரியன் மறையும்வரை வேலையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பகல் முழுக்க இருக்கிறதே, போதும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் இவர். "இருபது வருஷம் வண்டி ஓட்டுனவன் கூரையப் பாத்துட்டுக் கெடக்கேன். டயர் மாத்தத் தெரியாதவ வண்டிக்குக் கட்டம் கட்டப் போறா."

மே 17, செவ்வாய்

பழகுவதற்கு இருபது படங்கள் அனுப்பியிருந்தார்கள். மடிக்கணினியை அலமாரி மேலிருந்து இறக்கி, கட்டிலருகே உட்கார்ந்து போட்டேன்.

"அது லாரி இல்லடி, டிப்பர். பின்னால தூக்குற கம்பி தெரியல?"

"நீங்களே போடுங்களேன்."

போட்டார். ஒன்று, இரண்டு, ஐந்து. மதியம் சின்சாகா கீரையில் உப்பில்லை என்று திட்டவில்லை. எத்தனை நாளாயிற்று அவர் முகத்தை இப்படிப் பார்த்து.

மே 20, வெள்ளி, காலை 8

படங்கள் வந்துவிட்டதாக போனில் செய்தி. மின்சாரம் நேற்றே போய்விட்டது. கணினி செத்துக் கிடக்கிறது. மழை. ஆண்டவரே.

அதே நாள், மாலை 6.36

2.10க்குத்தான் மின்சாரம் வந்தது. முடித்தது 131. மீதி 69. சபை நாட்காட்டியில் சூரியன் மறைவது 6.39. மூடுகிறேன்.

மே 21, சனி, சூரியன் மறைந்த பின்

நேற்று நான் வயரைப் பிடுங்கியதும் ஒங்கேரி கத்தினார். "அறுபத்தொம்போது படம்டி! அறுபத்தொம்போது! நைரோபிக்காரி உனக்காக சூரியனைப் பிடிச்சு வெச்சிருப்பாளா?"

அவர் தம்பி மனைவி மொரா அடுப்படியிலிருந்து வந்தாள். "அக்கா, கர்த்தர் என்ன கணினியத் தெறந்தா பாக்கப் போறாரு? முடிச்சிட்டு மன்னிப்புக் கேட்டுக்கோங்க. அவருக்கு அது பழகின வேலைதானே."

கணினியைக் கட்டில் ஓரத்திலேயே போட்டுவிட்டு அடுத்த அறையில் முழங்கால் போட்டேன். செபம் வரவில்லை. அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது என்றுதான் வந்தது. அங்கேயே பாயில் தூங்கிப்போனேன்.

இன்று சபையிலும் அப்படியே. ஒங்கேரி பகல் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தார். சற்றுமுன் கணினியை எடுத்து அலமாரி மேல் வைத்தேன். சார்ஜ் சுத்தமாக இல்லை. மூடும்போது முழுதாக இருந்ததே? பழசு. எல்லாம்தான் பழசு.

மே 23, திங்கள்

கதோனியின் கடிதம். இருநூறும் நேரத்துக்கு வந்து சேர்ந்தனவாம். 168ஆம் படத்தில் பேருந்துக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த பைக்கைக் குறித்தது நான் ஒருத்திதானாம். ஜூன் முதல் தேதி சேரலாம்.

168. மூன்று முறை வாசித்தேன். இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 131 என்றுதான் இருக்கிறது, என் கையெழுத்தில்.

"நீங்களா?"

கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "முந்துறதுக்கு எட்டிப் பாக்குறான் அந்தப் பைக்குக்காரன். முன்சக்கரம் மட்டும் தெரியும். வண்டி ஓட்டுனவன் கண்ணுக்குத்தான் படும்."

"ஓய்வுநாள்ல! என் பேர்ல!"

"ஓய்வுநாள் உனக்கு, கெசாரே. எனக்கு அஞ்சு மாசமா தெனமும் ஓய்வுநாள்தான்."

கொல்லையில் வாழைக்கடியில் போய் நின்று அழுதேன். ஓய்வுநாளில் நீயும் உன் வீட்டில் இருப்பவர்களும் வேலை செய்யக் கூடாது என்றுதானே கட்டளையில் எழுதியிருக்கிறது? பிறர் பெயரில் வேலை செய்ய மாட்டேன் என்றவள் நான். இப்போது என் பெயரில் பிறர்.

மே 24, செவ்வாய்

கதோனியை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"அம்மா, இதை நீங்க எங்கிட்ட சொல்லல, நான் கேக்கல" என்றாள். "எங்களுக்குப் படம் வரணும், அவ்வளவுதான். ஆனா வாராவாரம் கெடு அதேதான், சனி காலை ஆறு. ஒத்துவருமா?"

"சரி" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 28, சனி, சூரியன் மறைந்த பின்

போதகரிடம் கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று தெரியும்.

ஜூன் 1, புதன்

சேர்ந்தேன்.

ஜூன் 3, வெள்ளி, மாலை 6.31

இந்த வாரத்துக்கு அறுநூறு. முடித்தது ஐந்நூற்று நாற்பத்திரண்டு. இன்றும் மதியம் வரை மின்சாரம் இல்லை. நாளைக்கான உகாலிக் களியும் கீரையும் மூடி வைத்தாயிற்று. சூரியன் மறைய ஒன்பது நிமிடம்.

மீதி எத்தனை என்று அவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. இன்று காலை கண்ணாடி கேட்டு வாங்கி, தானே சவரம் செய்துகொண்டார்.

கணினியை அலமாரி வரை கொண்டுபோனேன். கை மேலே எழவில்லை. திரும்பி வந்து கட்டிலில் அவர் இடது கைப் பக்கம் வைத்தேன்.

சார்ஜரையும் செருகிவிட்டு வந்தேன்.