ஒன்பதாவது குரங்கு

அன்புத் தங்கைக்கு,

இன்று காலை மரத்தில் இருந்தவர்கள்: பெரியவன், அவனுடைய மூன்று பெண்டாட்டிகள், நான்கு குட்டிகள். கீழே இருந்தவர்கள்: பயிற்சி தரும் பெண், வண்டி ஓட்டுபவர், கடவுள் புண்ணியத்தில் நான்.

காட்டுக் குரங்குகளை ஆராயும் முறையைப் புத்தகத்தில் படித்தது போதாதென்று நேரில் கற்க வந்திருக்கிறேன். சிரிக்காதே. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று குறிக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய கை, தடுமாறவில்லை. பனிக்குள் உடம்புகள் மறைந்து வால்கள் மட்டும் கனவில்போல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்பதாவதாகக் காது கிழிந்த ஒருத்தி உண்டு. அவள் பெயருக்கு நேரே "இல்லை" என்று எழுதினேன்.

"காடு பூரா சல்லடை போட்டுத் தேடிட்டீங்களாக்கா?" என்றாள் பயிற்சி தரும் பெண்.

"இல்லையேம்மா."

"அப்ப 'பார்க்கவில்லை'ன்னு எழுதுங்க. இல்லைன்னு சொல்ல நாம யாரு?"

அடித்துத் திருத்தும்போதே நோட்டின்மேல் ஒரு பழக்கொட்டை விழுந்தது. நிமிர்ந்தேன். அவள்தான், என் தலைக்கு நேர்மேலே சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

இங்கே சேர்ந்த அன்று, படிவத்தில் "உடன்பிறந்தவர்கள்" என்ற இடத்திலும் "இல்லை" என்றுதான் எழுதியிருந்தேன். அம்மா போன அன்று "இனி எனக்குத் தங்கையே இல்லை" என்று உன்னிடம் பேசியதிலிருந்து ஏழு வருடமாக அதையே எழுதிவருகிறேன். கண்ணால் பார்க்காத கடவுளைத் தினமும் கும்பிடுகிறவள் எழுதுகிற எழுத்தா அது?

சாயங்காலப் பிரார்த்தனை முடிந்ததும் போய்த் திருத்தினேன்: "ஒரு தங்கை. ஏழு வருடமாக நான் பார்க்கவில்லை."

பக்கத்தில் தொலைபேசி எண்ணுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. சீக்கிரம் பதில் எழுது.

உன்
அக்கா