அலமாரிக்குள் வந்த தூக்கம்

பாப்பா அம்மாவுக்கு,

உன் இடுப்பு வலி தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

இப்போ இங்க கம்பெனியில, உள்ளேயே சமைச்சுப் படுத்துக்கிற வீடு மாதிரி வண்டிகளுக்கு டிவி, பாட்டுப் பெட்டி மாட்டுறேன். பெட்டியை அலமாரிக்குள்ள மறைச்சிட்டு, ரிமோட் அழுத்துறது உள்ளே இருக்கிற பெட்டிக்குத் தெரிய, வெளியே சின்னக் கண்ணு மாதிரி ஒண்ணு ஒட்டணும். அதுக்கு வயர் இழுக்க உள்ளே நுழைஞ்சவன், அசதியில அப்படியே தூங்கிட்டேன். மேஸ்திரி நான் இருக்கிறது தெரியாம கதவைச் சாத்திட்டு ரிமோட்டை அழுத்த, காதுகிட்ட பாட்டு அலறுச்சு. பதறி எழுந்ததுல தலையில லேசா இடிச்சுக்கிட்டேன். மூணே தையல்தான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும்தான்.

ரூம்ல படுத்தா தூக்கம் வரமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை பேசி முடிச்சதும் போனை கட் பண்ணிடாதே. அப்படியே அடுப்படியில வை. சின்ன வயசுல மாதிரி, நீ பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டா தூங்கிடுவேன்.

கம்பெனி பஸ் வந்துடுச்சு. அன்னிக்குப் பாத்திரம் கொஞ்சம் நிறையவே சேர்த்து வை.