குடிக்காத அக்கா எழுதிய வைன் புத்தகம்

உப்புப் புளி பார்த்துச் சொல்ல ஆளில்லாமல் எங்களை விட்டுப் போன என் யோகா அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் உன் மனேஜர் முப்பது பேருக்கு முன்னால் வியர்த்துப்போய் நின்றார். நான் மூன்றாவது மேசையில் இருந்து கண் வெட்டாமல் பார்த்தேன். பாவம் என்று ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. நீயாக இருந்தால் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்திருப்பாய்.

இதைப் பேப்பருக்குக் கொடுக்கத்தான் எழுதுகிறேன். உன்னைக் குடிகாரி என்று சொன்ன வாய்கள் எல்லாம் வாசிக்கட்டும். அவர்களுக்கு முழுக்கதையும் தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்.

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் அந்தக் கடற்கரை ஹோட்டல் குசினியில் பதினொரு வருடம் கறி சமைத்தாய். வெள்ளைக்காரர் பாதியில் விட்டுப்போகிற வைன் போத்தல்கள் குசினிக்கு வரும். மற்றவர்கள் தொட்டியில் ஊற்றுவார்கள். நீ மட்டும் ஒரு தேக்கரண்டி எடுத்து வாயில் உருட்டிப் பார்த்துவிட்டுப் பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் துப்புவாய். பிறகு ஒரு வாய் கறி. பிறகு திரும்பவும் ஒரு கரண்டி, திரும்பவும் பேணி. ஒரு சொட்டும் விழுங்கியதில்லை. அப்பாவைச் சாராயம் கொண்டுபோன வீடு எங்களுடையது. "ஒரு மிடறு உள்ளுக்குப் போனாலும் அம்மாவின்ர முகத்தைப் பாக்கேலாது" என்று சொல்வாய்.

உனக்கு எதற்கு இந்த வேலை என்று நான் பேசியிருக்கிறேன். நசீர் நானாவுக்காகச் செய்தாய். கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிற மனிதர், அங்கே வெயிட்டர்களுக்குள் மூத்தவர், குடியைக் கையால் எடுத்துக் கொடுப்பாரே தவிர வாயில் வைக்க மாட்டார். எந்தக் கறிக்கு எந்த வைன் என்று விருந்தாளிகள் கேட்டால் முழிசிக்கொண்டு நிற்பார். "தங்கச்சி, வாயில வெக்காம இத நான் எப்பிடிப் படிக்கிற?" என்று உன்னிடம் கேட்டாராம். அப்படித் தொடங்கியதுதான் அந்தப் புத்தகம். வைன் தொடாத ஒருவருக்கு, வைன் விழுங்காத ஒருத்தி எழுதியது. உலகத்தில் இப்படி இன்னொன்று இருக்குமா, அக்கா?

நாட்காட்டியில் கிழிக்கிற தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவாய். நன்றாக வந்ததைத் தடித்த அட்டைச் சீ.ஆர். கொப்பியில் வடிவான கையெழுத்தில் ஏற்றுவாய். நானாவுக்குத் தெரிந்த ருசிகளை வைத்தே எல்லாவற்றையும் விளக்கினாய். சிவப்பு வைன் நாக்கைப் பிடிக்கும், தேயிலையை ஊறவிட்டு மறந்துபோன பிளேன்ரீ மாதிரி. ஆட்டிறைச்சிக் கொழுப்போடு அந்தப் பிடி இளகிவிடும். அதே சிவப்பை அறக்குளா மீனோடு வைத்தால் துருப்பிடித்த ஆணியை நக்கின மாதிரி இருக்கும். இவ்வளவுதானே! இதைச் சொல்ல அந்த மனேஜருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டியிருந்தது.

ஓம், அவர்தான் திருடினார். "வெயிட்டர்மாருக்கு ரைப் பண்ணிக் குடுக்கப் போறன்" என்று கொப்பியை வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துப் பளபளப்பான அட்டையோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்தது, வைன் பழகத் தொடங்குகிறவர்களுக்கு என்று. அட்டையில் அவருடைய பெயர், உள்ளே அவருடைய படம். பிளேன்ரீயைக்கூட விடவில்லை. பிளேன்ரீ குடிக்கிற முகமா அது?

நீ சண்டைக்குப் போகவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு ஓரமாக உன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாய். அடுத்த கிழமையே அவர் குசினிக்குள் வந்து உன் பேணியைத் தூக்கிக் காட்டினார். "பாருங்கோ, வேலை நேரத்தில குடிக்கிறதுக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறா." நீ துப்பி வைத்ததை நீ குடிக்க வைத்திருந்தாய் என்று சொன்னார்! அத்தனை பேர் நின்றார்கள். நசீர் நானாவும் நின்றார். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு நீ பையோடு வீட்டுக்கு வந்தாய். உனக்கு முன்னாலேயே கதை வந்துவிட்டது. பஸ் நிலையத்தடியில் நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்த ஒருத்தி, பனடோல் வாங்கின கையோடு என்னைக் கேட்டாள், "உங்கட அக்கா குடிப்பாவாமே?" ஒன்பது மாதம் நீ கோயிலுக்குப் போகவில்லை. சல்லி அம்மன் பொங்கலுக்குக்கூட வரமாட்டேன் என்றாய். பிறகு ஒருநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தபடியே சரிந்தாய். இருதயம் என்று டாக்டர் எழுதினார். நான் அந்தத் துண்டில் வேறு ஒரு பெயரை எழுதியிருப்பேன்.

உன் எட்டுச் செலவன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்கிற நாள். அப்பாவின் எட்டுக்கு அரைப் போத்தல் சாராயமும் சுருட்டும் வைத்தோம், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உனக்கு நண்டுக் கறியும் புட்டும் வைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு கிளாஸ் வைன் வைப்போம், அவள் எழுதின பொருள்தானே என்றேன். அம்மா என் கையைப் பிடித்தா. "பொம்பிளைப் பிள்ளைக்குப் போத்தல் வைச்சா, ஊர் சொன்னது சரியெண்டு நாங்களே சொன்ன மாதிரிப் போயிடும்." நண்டுக்குப் பக்கத்தில் செம்பில் தண்ணீர் வைத்தோம். செத்த பிறகும் உன்னைப் பயந்து பயந்து சாப்பிட வைத்தோம். அந்தச் செம்பைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன், அந்த ஆளைச் சும்மா விடுவதில்லை என்று.

உன் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது பிஸ்கட் பெட்டிக்குள் நாட்காட்டித் தாள்கள் கிடைத்தன. கொப்பிதானே போனது, தாள்கள் அப்படியே இருந்தன. பின்பக்கம் உன் எழுத்து, முன்பக்கம் அச்சடித்த திகதி. அவருடைய புத்தகத்துக்கு மூன்று வருடம் முந்தியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தேன். அதில் ஒன்று அவருடைய புத்தகத்தில் இல்லை. நீ எழுதியிருந்தாய்: "நானா, சிவப்பை அறைச் சூட்டில குடுக்கச் சொல்லிப் போத்தல்காரர் சொல்லுவினம். அது அவையின்ர அறை, குளிர் ஊர் அறை. எங்கட அறை வேறை. கச்சான் காத்து அடிக்கிற வெக்கை மாதத்தில அரை மணித்தியாலம் ஐஸ் தண்ணியில வையுங்கோ. இல்லாட்டி உறைப்போட சேர்ந்து வாயைக் கொளுத்தும்." மனேஜர் இதைக் குசினிக்காரியின் விசர்க் கதை என்று நினைத்து வெட்டியிருக்கிறார். படித்த மனுசன் அல்லவா!

தாளை எடுத்துக்கொண்டு நசீர் நானாவிடம் போனேன். திட்டத்தான் போனேன். அவர் என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். உன் பால்மாப் பேணி. குப்பையில் எறிந்ததை எடுத்து வைத்திருக்கிறார். உள்ளே ஊதாக் கறை வளையம் வளையமாகக் காய்ந்து கிடந்தது. "அண்டைக்கு நான் வாயத் தொறக்கல்ல, தங்கச்சி. மூணு புள்ளயள், வேல போயிடும் எண்டு பயம்" என்று அழுதார். எனக்கு மனம் இரங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "புத்தகத்தில ஐஸ் கதை இல்லை. அவர் வைக்கிற வைன் விருந்துகளில என்ன செய்யிறனீங்கள்?" என்று கேட்டேன். "யோகா சொன்னபடி ஐசில வெச்சிட்டுத்தான் குடுக்கிறன். அவருக்குத் தெரியாது" என்றார். அப்படியென்றால் உன்னைக் கொன்றவருடைய மரியாதையை இவ்வளவு நாளும் நீதான் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாய்!

நான் கேட்டது ஒன்றுதான். "இந்த முறை நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், நானா. அவரின்ர புத்தகத்தில என்ன இருக்கோ, அதை மட்டும் செய்யுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை அவருடைய வைன் விருந்து. கொழும்பில் இருந்து ஹோட்டல் முதலாளி அம்மாவும் வந்திருந்தா. நானும் டிக்கெட் எடுத்துக்கொண்டு, உன் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். விறாந்தையில் மேசைகள், கச்சான் காற்று அடுப்பைத் திறந்தது போல வீசியது. அவர் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். உறைப்பான ஆட்டிறைச்சிக் கறி வந்தது. போத்தல்கள் விறாந்தைச் சூட்டில் நின்று வெதுவெதுத்துக் கிடந்தன. நானா ஒவ்வொரு கிளாஸிலும் பக்குவமாக ஊற்றினார், முகத்தில் ஒன்றுமில்லை.

முதல் மிடறிலேயே மேசைக்கு மேசை முகம் கோணியது. ஒருவர் இருமினார், ஒருத்தி தண்ணீருக்குக் கை நீட்டினாள். முதலாளி அம்மா கிளாஸைக் கீழே வைத்தா. "என்ன இது, வாய் எரியுது. போன தடவை நல்லா இருந்திச்சே?"

"நசீர், என்ன செய்தனீர்?" என்று மனேஜர் பாய்ந்தார்.

"ஒண்டும் செய்யல்ல, சேர். உங்கட புத்தகத்தில உள்ளபடி அறைச் சூட்டில வெச்சன். போன முற ஐசில வெச்சன். யோகா தங்கச்சி அப்பிடித்தான் எழுதித் தந்த. அவட கொப்பியில இருந்திச்சி, இதில இல்ல."

"ஆர், அவவோ? குசினியில குடிச்சுப் பிடிபட்டவ. அவவின்ர கதையை இஞ்ச எடுக்காதையும்!"

அதற்காகத்தான் காத்திருந்தேன், அக்கா. எழும்பிப் போய் முதலாளி அம்மாவின் மேசையில் தாள்களை வைத்தேன். அவ வாசித்தா, திருப்பித் திகதியைப் பார்த்தா, புத்தகத்தைப் பார்த்தா. பிறகு பேணியை எடுத்து வைத்தேன். "இதுதான் அவ குடிச்சதுக்கு இவர் காட்டின சாட்சி. உள்ளுக்குப் பாருங்கோ. குடிக்கிறவள் துப்புவாளோ, அம்மா?"

"இவங்க துப்புறத நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று அவ நசீர் நானாவைக் கேட்டா. "ஒவ்வொரு நாளும் பார்த்தன். அண்டைக்கே சொல்லியிருக்கணும்" என்றார் அவர். மனேஜருக்கு அப்போதுதான் வியர்க்கத் தொடங்கியது.

அந்தக் குற்றச்சாட்டு பொய் என்று கடிதம் எழுதிக் குசினி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். மனேஜர் லீவில் நிற்கிறாராம். வேலையை விட்டுப் போகக்கூடாது என்றுதான் நான் நேர்ந்துகொண்டு இருக்கிறேன். திரும்பி வரவேண்டும். அந்தக் கடிதத்தைத் தாண்டித் தினமும் குசினிக்குள் நுழைய வேண்டும். ஆட்டிறைச்சிக் கறி மணக்கும்போதெல்லாம் அவருக்கு உன் பெயர் ஞாபகம் வர வேண்டும்.

உன் பெயரில் திரும்ப அச்சடித்து விற்போமா என்று முதலாளி அம்மா கேட்டா. விற்க வேண்டாம், பேப்பரில் சும்மா கொடுக்கப் போகிறேன் என்றேன். மிச்சத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், வாசிக்கிறவர்களே. கறி எவ்வளவு புளிப்போ, வைன் அதைவிடக் கொஞ்சம் கூடப் புளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும். கருவாட்டுப் பொரியலுக்கும் கணவாய்ப் பொரியலுக்கும் நுரைக்கிற வைன். வட்டிலப்பத்துக்கு அதைவிட இனிப்பான வைன், குறைந்தால் வைன் காடியாகத் தெரியும். உறைப்பான நண்டுக்கு லேசாக இனிக்கிற வெள்ளை, நன்றாகக் குளிர வைத்து. இவ்வளவையும் எழுதியவள் திருகோணமலை யோகராணி. வேறு யாராவது தன்னுடையது என்று சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள்.

மனம் ஆறிவிட்டதா என்று கேட்பாய். இல்லை. ஏனென்று உனக்குத் தெரியும். அன்றைக்கு நீ பையோடு படியேறி வந்தபோது உன்னைக் கட்டிப்பிடித்தேன் அல்லவா? அது கட்டிப்பிடித்தது இல்லை, அக்கா. உன் வாயை முகர்ந்து பார்த்தேன். நீ அதைக் கண்டுகொண்டாய், முகத்தைத் திருப்பிக்கொண்டாய். முப்பது பேருக்கு முன்னால் அந்த ஆளை நிற்க வைத்தேன். என்னை யாருக்கு முன்னால் நிற்க வைப்பது? அதனால்தான் இதையும் ஊருக்கு எழுதுகிறேன்.

வருகிற மாதம் ஒரு வருடம், உன் ஆட்டைத் திவசம். ஐயர் வந்து போன பிறகு, மறுநாள் மீனும் இறைச்சியுமாக மச்சப் படையல். நேற்று அம்மா தானாகவே குசினிக்குள் வந்து நின்றா. "மதி, நண்டுக்கு எந்தப் போத்தல் எண்டு எழுதினவள்?" சொன்னேன். "அப்ப அதையே வாங்கு. வடிவான கிளாஸில ஊத்து, ஊர் பாக்கட்டும்" என்றா.

நண்டு நான் சமைக்கிறேன், உப்புக் குறைந்தால் மன்னித்துக்கொள். போத்தலை ஐஸில் வைக்க நசீர் நானா வருகிறார். கிளாஸை உன் படத்துக்கு நேரே நானே வைப்பேன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வைப்பேன். பேணியைப் பக்கத்தில் வைக்க மாட்டேன், அது அலுமாரிக்குள் இருக்கட்டும். அம்மா சம்மதித்துவிட்டா, அக்கா. இந்த முறை துப்பாதே, விழுங்கு.

உன் வாய்க்காரத் தங்கச்சி,
மதி