அப்பா முடுக்கிய பல்

ஓசூர்,
ஞாயிறு மாலை

அன்பு மகன் கிங்ஸ்டனுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நலம். சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்த இடம் ஆறி, ஆக்லாந்துக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் கேட்டாய், "அம்மா, உனக்கு வெச்ச பல்லு எப்படி இருக்குது? நானும் அதே மாதிரி வெச்சுக்கட்டுமா?" என்று. கல் மாதிரி இருக்கிறது, தைரியமாக வைத்துக்கொள் என்றேன். அது பொய். அப்போது அந்தப் பல் அலமாரியில், உன் ஞானஸ்நான மோதிரம் இருந்த டப்பாவில் கிடந்தது. பொய் சொல்லக்கூடாது என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்தவள், அப்பாவைக் காப்பாற்ற உன்னிடமே சொல்லிவிட்டேன். அதை நம்பி நீ போய்ப் பல் வைத்துக்கொள்வாயோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைவாய் எலும்பில் தண்டு பதித்து, அதன்மேல் ஸ்குரூவால் பொருத்திய அந்தப் பல், நீ போன் செய்வதற்கு முன்பே லேசாக ஆடியது. மேலே அடைத்திருந்த வெள்ளைப் பூச்சு உதிர்ந்து, உள்ளே ஸ்குரூவின் தலை தெரிந்தது, அதில் ஆறு மூலைக் குழி. பார்த்ததும் உன் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் பார்த்த டூல்ரூம் வேலை நினைவு வந்துவிட்டது. அந்தக் குழியில் விட்டுத் திருகும் ஆலன் கீகளில் இருப்பதிலேயே சின்னதை வெந்நீரில் கொதிக்க வைத்து, என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, "அரை சுத்துதான் பவுலி, வாயத் தொற" என்றார். நானும் திறந்தேன். இந்த வீட்டில் அவர் முடுக்கியது எதுவும் கழன்றதில்லையே. நான்கு நாள் அசையவில்லை. ஐந்தாம் நாள் வறுத்த கடலை மெல்லும்போது டக்கென்று ஸ்குரூ முறிந்து பல் நாக்கில் விழுந்தது. அன்றிலிருந்து அவரும் என்னோடு களியும் கீரையும்தான் சாப்பிட்டார். வேறு ஏதாவது வைத்தால் பசியில்லை என்பார்.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் ரஞ்சிதாவிடம் போனோம். எலும்புக்குள் இருக்கும் தண்டுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. முறிந்த துண்டை எடுத்து, அதே பல்லை வைத்து, புது ஸ்குரூவை இறுக்கத்தின் அளவு காட்டும் கருவியால் முடுக்கினார். "சார், உங்க அரை சுத்து எங்க கணக்குல ரொம்ப ஜாஸ்தி" என்று அப்பாவிடம் சிரித்துவிட்டு, தாளில் வரைந்து காட்டினார். எனக்கு வைத்தது பழைய மாதிரியாம். பாத்திரத்தின் மேல் மூடி உட்காருவது போல, தண்டின் தலைமேல் பல்லைத் தாங்கும் மேல்பாகம் உட்கார்கிறது, பக்கவாட்டில் மெல்லும் பாரமெல்லாம் அந்த ஒற்றை ஸ்குரூவுக்குப் போகிறது, நாளடைவில் தளர்கிறது. இன்னொரு மாதிரியில் மேல்பாகம் கூம்பாகத் தண்டுக்குள்ளேயே இறங்குகிறது. ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட இரண்டு டம்ளர்களை நினைத்துக்கொள், சுவரே சுவரைப் பிடித்துக்கொள்ளும், ஸ்குரூவுக்குச் சுமை குறைவு. அப்பா உடனே, "லேத்துல டிரில்லு கூம்பா சொருகி நிக்குமே, அந்த டேப்பர்தான இது" என்றார். இத்தனை நாளில் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான். ஆனால் உள்ளே குடைவதால் தண்டின் சுவர் மெலியும், ஒல்லியான தண்டாக இருந்தால் அதுவே விரிசல் விடலாம், பல்லின் இடத்தையும் கடியையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். ஆகவே என் பல்லை வைத்து நீ எதையும் முடிவு செய்யாதே.

அப்பாவைக் கிண்டல் செய்யாதே கண்ணு. நேற்று நான் முறுக்கு கடிக்கும் சத்தம் கேட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றார். தட்டிலிருந்து தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உன் டாக்டரிடம் தண்டு, மேல்பாகம் இரண்டின் மாதிரியையும் கையில் கேட்டு வாங்கு. ஸ்குரூ போடாமல் ஒன்றோடு ஒன்றைப் பொருத்தி, விரலால் ஆட்டிப் பார், சுவரே பிடிக்கிறதா, எல்லாம் ஸ்குரூவை நம்பித்தானா என்று உனக்கே தெரியும்.

உன் அம்மா,
பவுலினா அருள்ஜோசப்