சிவப்புச் சுளையில் ஒரு பிழை

மே 5, திங்கள்
கார் இன்னும் வொர்க்‌ஷாப்பில். சிவப்புச் சுளைப் பம்பளிமாஸை தோட்டக்காரர் நாகையா அங்கிளே கேரி தீவிலிருந்து லோரியில் ஏற்றி, பெட்டாலிங் ஜெயாவுக்கு, எங்கள் லேப் வாசலுக்கே கொண்டுவந்தார். தோட்டத்து வேலையெல்லாம் கிடக்க.

மே 6
எட்டு மாதமாகச் சிவப்புப் பழத்தோலில் டெர்பினியோல் என்ற பூவாசப் பொருள் வெள்ளையைவிட மூன்று மடங்கு. என் ஆய்வே அதுதான். இன்று இரண்டும் ஒரே அளவு!

மே 8
வாசம் அளக்கும் மெஷினில் ஊசி மாற்றியாயிற்று. குழாய் கழுவியாயிற்று. மூன்று முறை ஓட்டியும் அதே. கருத்தரங்குக்குப் பத்தொன்பது நாள்.
என் வழிகாட்டி சந்திரகலா டாக்டர் எட்டிப் பார்த்தார். "போஸ்டர் பிரிண்டுக்குப் போகணும் லா, ஜெரால்டின். என்ன பிரச்சனை?"
"மெஷின்" என்றேன்.

மே 9
மெஷின் இல்லை, பழம். அங்கிள் வேறு மரத்துப் பழத்தைத் தள்ளிவிட்டிருக்கிறார். போன் போட்டுக் கேட்டே விட்டேன்.
"அதே மரம்தாம்மா. நான் வெச்ச மரம், எனக்குத் தெரியாதா?"
"அப்புறம் எப்படி வாசம் மாறும்? பொய் சொல்லாதீங்க அங்கிள்."
வைத்துவிட்டார். வைக்கட்டும்.

மே 11, ஞாயிறு
நேற்று கார் கிடைத்தது. இன்று பூசை முடிந்து வந்து, காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டைத் திறந்தால், அடுப்பைத் திறந்த மாதிரி அனல். அப்படியே நின்றுவிட்டேன்.
சிவப்புப் பழத்தைச் சனிக்கிழமை வாங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு வாசல் வெயிலில், திங்கள்வரை இதில்தானே போட்டு வைத்தேன்? வாராவாரம், கார் கெட்டுப்போகும்வரை! வெள்ளை, பூச்சோங்கிலிருந்து அன்றன்று காலை நேராக லேப்புக்கு வந்தது. சூட்டில் தோலிலுள்ள லிமோனீன் கெட்டு டெர்பினியோல் ஆகும் — முதல் வருடப் பாடம். என் மூளை எங்க போச்சு?
இரண்டு வெள்ளைப் பழத்தை வாங்கி பூட்டில் வைத்திருக்கிறேன்.

மே 13
வெள்ளையிலும் ஏறிவிட்டது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அருமையான முடிவு. லேப் கழிப்பறையில் அழுதேன்.

மே 14
டாக்டரிடம் சொன்னேன். திரையில் என் அளவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.
"வேற யாருக்காச்சும் தெரியுமா?"
"இல்ல டாக்டர்."
"எட்டு மாசம், ஜெரால்டின்."
ஒரு கணம், மறைத்துவிடலாம் என்பாரோ என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேனா? தெரியவில்லை. அவர் என் எதிரிலேயே மின்னஞ்சல் எழுதினார். போஸ்டர் வாபஸ்.

மே 17, சனி
கேரி தீவு. "தப்பு என்னுது அங்கிள். நான்தான் வண்டியில வெச்சு வேகவெச்சிட்டேன்."
நாகையா அங்கிள் களை பிடுங்குவதை நிறுத்தவில்லை. "பொய்னு சொன்னீங்களேம்மா" என்றார். அவ்வளவுதான். பழம் தரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை.

மே 20
வேறு தோட்டம் தேடுகிறேன். கிடைக்கவில்லை.

மே 27
எல்லாரும் கருத்தரங்கில். லேப்பில் நான் மட்டும். பதினொரு மணிக்குப் போன். நாகையா அங்கிள்!
"சனிக்கிழமை வாங்க. ஐஸ் பெட்டி இல்லாம வந்தீங்கன்னா ஒரு பழம்கூடக் கிடையாது."
மத்தியானமே கடைக்குப் போய்ப் பெட்டி வாங்கிவிட்டேன். இருந்ததிலேயே பெரியது.