ஓட்டறவா கைப்பக்கம்

12 ஜனவரி 2003

இவர் கடைசியில் வேனை வாங்கியே விட்டார். கரமனையில் எங்கள் தெருவுக்குள் அது நுழையாது. ஆற்றங்கரைப் பக்கம் நிற்கிறது. போன மாதம் வரை பேக்கரிக்கு ஓடிய வண்டி, ஏறினால் பப்ஸ் வாசனை. ஆபீஸிலிருந்து ஓய்வு வாங்கிய மனுஷர் ஊர் சுற்றப் போகிறாராம் — உள்ளேயே படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்துக்கொண்டு. எனக்கும் உள்ளூர ஆசைதான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இருபத்தேழு வருஷம், பக்கத்து மலை பொன்முடியைக்கூடப் பார்த்ததில்லை. முதலில் அங்கேதான் போகிறோம் என்றார். அதற்காகவே அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன்.

3 பிப்ரவரி

கிள்ளிப்பாலத்தில் லிங்கத்தின் பட்டறைக்குப் போனோம். டிரைவருக்குப் பக்கத்தில் நான் உட்காரும் சீட்டைச் சுழலும் சீட்டாக மாற்றுகிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் திருப்பினால் அடுப்பு எதிரே வந்துவிடும். "நீ எழுந்திருக்கவே வேண்டாம். இருந்த இடத்துலேர்ந்தே காப்பி போட்டுக் குடுக்கலாம்" என்றார் இவர். சௌகரியம் எனக்காம்!

அடியில் வைக்கும் சுழல்தட்டு ஒரு பழைய சலூன் நாற்காலியிலிருந்து கழற்றியது. பூட்டவும் திறக்கவும் ஒரு லிவர். அதை எந்தப் பக்கம் வைக்க என்று லிங்கம் கேட்டான். "என் கைக்கு எட்டறாப்ல வைப்பா" என்றேன்.

"வேண்டாம். நீட்டி, ஓட்டறவா கைப்பக்கம் வை" என்றார் இவர்.

"மாமிக்கு எட்டாதே சாமி?"

"எட்டவேண்டாம்னுதானே சொல்றேன். இவகிட்ட குடுத்தா திருகிண்டே இருப்பா."

லிங்கம் சிரித்தான். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

9 பிப்ரவரி

சீட் தயார். தட்டு வைத்ததில் நாலு விரல் உயர்ந்துவிட்டது. என் கால் தரையில் பாவவில்லை. அடியில் ஒரு பலகை போடச் சொல்லுங்கோ என்றேன். "உனக்கென்ன, பிரேக் மிதிக்கணுமா?" என்றார்.

16 பிப்ரவரி

பொன்முடி போய் வந்தாச்சு. பார்த்தேனா? இல்லை.

வித்துரா தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு மேல் வளைவு, எதிரே பஸ். "பைய போங்கோ" என்றேன். இரண்டாம் தரம் சொன்னதும் ஓரமாக நிறுத்தினார். லிவரை இழுத்தார். என் தோளைப் பிடித்து ஒரே தள்ளு. சீட் பின்பக்கம் திரும்பி டக்கென்று பூட்டிக்கொண்டது.

"இனிமே பாக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்."

வண்டி மேலே ஏறுகிறது, நான் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு போகிறேன். காலும் தொங்கறது. குடலைப் பிடுங்கிண்டு வரது. ஏன்னா, திருப்புங்கோ, வாந்தி வரதுன்னா — எத்தனை கெஞ்சல்! "பின்னாலயும் அதே ரோடுதாண்டி" என்று சிரிக்கிறார். புடவையெல்லாம் வாந்தி. உச்சியில் ஒரே மூடுபனி. அந்தப் புடவையோடேயே அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டேன். சர்க்கரை கம்மி என்றார். பாவி மனுஷன்.

17 பிப்ரவரி

பெங்களூரிலிருந்து பெண் மாளவிகா போன் செய்தாள். "பொன்முடி எப்படிம்மா இருந்தது?" இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நன்னா இருந்தது என்றேன்.

8 மார்ச்

ஸ்ரீவராகத்தில் இவர் தம்பி நாகேஸ்வரன் வீட்டுக்குப் போயிருந்தோம். வாசலில் எல்லாருக்கும் சீட்டைச் சுற்றிக் காட்டினார் — என்னை அதில் உட்காரவைத்து. இப்படி ஒரு சுற்று, அப்படி ஒரு சுற்று. ஓர்ப்படி கைதட்டினாள். குழந்தைகள் இன்னொரு தரம் என்று கேட்டார்கள். செய்தார்.

இப்போதெல்லாம் ஓட்டும்போது நான் ஒரு வார்த்தை பேசினால் அவர் இடக்கை லிவருக்குப் போகிறது. பேசுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கை விளங்காம போக.

எழுதிவிட்டேன். இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

2 ஜூன்

குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். இடக்கையும் இடக்காலும் போய்விட்டன. பேச்சு குழறுகிறது. மார்ச் மாதத்துப் பக்கத்தைப் புரட்டக்கூடாது என்று நினைத்தேன். புரட்டினேன்.

21 ஆகஸ்ட்

பிசியோதெரபிக்குப் போக ஆட்டோவில் ஏற்றி இறக்க முடியவில்லை. வேனை விற்றுவிடலாம் என்றாள் மாளவிகா. வேண்டாம், நானே ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்றேன். இவர் "நீயா?" என்றார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் அதே பழைய சிரிப்பு.

14 நவம்பர்

டிரைவிங் டெஸ்ட். ரிவர்ஸில் எச் போட்டேன், ஒரு கம்பியில்கூட இடிக்கவில்லை. "கொள்ளாம் மாமி" என்றான் சொல்லிக்கொடுத்த பையன். ஐம்பத்திரண்டு வயதில் யாரோ என்னை நன்றாகச் செய்தாய் என்கிறார்கள்!

22 நவம்பர்

லிங்கம் வந்து இவருக்காக சீட்டில் பெல்ட் போட்டுக் கொடுத்தான். "லிவரையும் சாமி கைப்பக்கம் மாத்திரட்டா மாமி? பாவம், அவருக்கு வேணும்ணா திரும்பிக்கலாமே."

"வேண்டாம். ஓட்டறவா கைப்பக்கமே இருக்கட்டும்."

லிங்கம் சிரிக்கவில்லை.

4 ஜனவரி 2004

இவரை ஏற்றிக்கொண்டு பொன்முடி போனேன்.

முன்னால் பார்த்து உட்கார்ந்தால் லிவர் இவருக்கு வலப்பக்கம், எனக்கு எட்டாதது இவர் நீளக் கைக்கு எட்டும். பின்னால் திருப்பினால் லிவர் சீட்டோடு திரும்பாது, விளங்காத இடக்கைப் பக்கம் வந்துவிடும். இதை ஒரு மாதமாக யோசித்து வைத்திருந்தேன்.

வித்துரா தாண்டி முதல் வளைவிலேயே "பைய... பைய போடி" என்றார். இரண்டாம் தரம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொன்னார். ஓரமாக நிறுத்தி லிவரை இழுத்தேன். கனத்த உடம்பு, ஆனாலும் எண்ணெய் போட்ட சீட் சுலபமாகத் திரும்பிற்று.

"திருப்பு... திருப்புடி."

"பின்னாலயும் அதே ரோடுதான்னா."

உச்சிவரை நிறுத்தவில்லை. வாந்தி எடுத்தார், அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை. மேலே பனியே இல்லை, கண்ணுக்கெட்டியவரை மலை. இறங்கி நின்று ஆசைதீரப் பார்த்தேன். பிறகு காப்பி போட்டு, ஆற்றி, அவர் வாயில் ஊற்றினேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

சாயங்காலம் மாளவிகா போன். "அப்பாவை மலைக்கெல்லாம் அழைச்சிண்டு போறியே, உன்னை மாதிரி யாரும்மா பாத்துப்பா?" என்று தழுதழுத்தாள். அப்பாவிடம் கொடு என்றாள். ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"நன்னா... இருந்தது" என்றார்.